பூங்காவில் ட்ரோன் விடலாமா? 249 கிராம்தான் (அண்ணா நகர்)

கேள்வி: மேற்குமாடம்

என் பையன் ஒன்பதாம் வகுப்பு. 2020-இல் என் தம்பி வாங்கிய சின்ன ட்ரோன் ஒன்று சும்மா கிடந்தது. முழுப் பரீட்சை லீவுக்கு அதை இவனிடம் கொடுத்துவிட்டான். 249 கிராம். சமையலறைத் தராசில் நானே வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

போன ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனோம். மரத்து உயரம்கூட ஏறியிருக்காது, வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். "இறக்குங்க, இல்லன்னா ஸ்டேஷனுக்குச் சொல்லிடுவேன்" என்றார். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர், "பொம்பளைங்க நடக்கிற இடத்துல கேமராவா?" என்று சத்தம் போட்டார். பையனுக்கு முகம் சுருங்கிப்போனது. அதன் பிறகு அவன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

ரிச்சி தெருவில் பேட்டரி கேட்டுப் போனபோது கடைக்காரர் வேறு மாதிரி சொன்னார்: "250 கிராமுக்குக் கீழ இருந்தா எந்த ரூலும் கிடையாதும்மா, எங்க வேணா விடலாம்." வாட்ச்மேன் சொன்னது சரியா, கடைக்காரர் சொன்னது சரியா? தப்பென்றால் தப்பு என்று பையனிடம் சொல்லிவிடுவேன். காரணம் தெரியாமல் அவனை அடக்கிவைக்க எனக்கு மனசில்லை.

பதில்: நங்கநல்லூர் 4-ஆவது தெரு

சென்னைக்குள் எங்கேயுமே விடாதீர்கள் மேடம். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது விமானத்தின் சக்கரம் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவு தாழ்வாக வருகிறது. அந்த இடத்தில் ஒரு பொம்மை குறுக்கே போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. வாட்ச்மேன் செய்தது சரி.

பதில்: வில்லிவாக்கம் வீடியோ

அக்கா, நான் கல்யாண வீடியோ எடுப்பவன். 2018 முதல் ட்ரோன் கையில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2021 ஆகஸ்ட் 25-இல் வந்த ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளது 'நேனோ'. நேனோவுக்கு ரகச் சான்று (அந்த மாடலுக்கான தரச் சான்று) வேண்டாம், பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் வேண்டாம். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ள 'மைக்ரோ'வைக்கூடச் சம்பாதிக்காமல் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் பைலட் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஆனால் யூஐஎன், அதாவது ஒவ்வொரு ட்ரோனுக்கும் அரசு தரும் அடையாள எண், எடுக்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய்தான். எடை குறைவு என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய ட்ரோன்களைத் தானாக முன்வந்து தெரிவிக்கச் சொல்லி 2020 ஜனவரியில் அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அப்போது உங்கள் தம்பி ஏதாவது எண் வாங்கினாரா என்று கேளுங்கள்.

மீதிப் பாதியைத்தான் கடைக்காரர் விட்டுவிட்டார். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் பறக்கலாம் என்பதில் 249 கிராமுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையில், இடங்களை நிறம் வைத்துப் பிரித்த ஒரு வரைபடம் இருக்கிறது. சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால்தான் உண்டு. மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அறையிடம் அனுமதி வாங்க வேண்டும். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வளையத்தில் அந்தப் பச்சை 200 அடியோடு, 60 மீட்டரோடு, முடிந்துவிடும். மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம்.

நங்கநல்லூர் சார், உங்கள் தெருவுக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பனகல் பூங்காகூட, பச்சையே இல்லாத அந்த 8 கிலோமீட்டருக்கு உள்ளேதான் வருகிறது. அண்ணா நகர் ஏறக்குறைய 10 கிலோமீட்டர், அதனால் 60 மீட்டர்க் கணக்கு. உங்கள் ஊர் டவர் பார்க் கோபுரம் 135 அடி. அதைப்போல ஒன்றரை மடங்கு என்று பையனிடம் சொல்லுங்கள், கண்ணில் அளவு பிடிபட்டுவிடும். கோட்டை, துறைமுகம், ராணுவ இடம் என்று வேறு காரணங்களுக்காகவும் நகரத்துக்குள் தடைகள் உண்டு. ஆகவே தூரத்தை மட்டும் நம்பாமல், பறக்கவிடும் நாள் காலையில் அந்த வரைபடத்தைத் திறந்து பாருங்கள். குடியரசு நாள், சுதந்திர நாள், பிரதமர் வருகை என்றால் போலீஸ் கமிஷனர் தனியாகத் தடை உத்தரவு போடுவார். அந்த நாட்களில் ட்ரோனைப் பெட்டியிலேயே வையுங்கள்.

இது வானத்துக்கு. தரை மாநகராட்சியுடையது. வரைபடம் பச்சை காட்டினாலும் பூங்காவின் சொந்தக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாட்ச்மேன் அந்த இடத்துக்குப் பொறுப்பானவர். அவரோடு வாதம் செய்யாமல் இறக்கினீர்களே, அது நல்ல காரியம். எழுத்தில் கேட்பதென்றால் உங்களுக்கு 8-ஆவது மண்டல அலுவலகம்.

இனி என் கதை. 2019 பிப்ரவரி. மறுநாள் ஒரு முகூர்த்தம். புதிதாக மாட்டிய இறக்கைகளைச் சோதிக்க எங்கள் பகுதிப் பூங்கா ஒன்றுக்குப் போனேன். முக்கால் கிலோ ட்ரோன். காலை ஏழு மணி, காற்றே இல்லை. முப்பது மீட்டரில் நிறுத்தி வைத்திருக்கிறேன், பக்கவாட்டிலிருந்து ஒரு பருந்து வந்து அடித்தது. ரிமோட்டில் நான் என்ன செய்தும் பிடிபடவில்லை. சுழன்றபடியே ஒரு சிமென்ட் பெஞ்சில் வந்து விழுந்தது.

அந்தப் பெஞ்சில் ஒரு பாட்டி பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். விழுந்த பிறகும் ஒரு இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தட்டிவிடக் கையை நீட்டினார். நடுவிரலில் நகத்துக்குக் கீழே கிழிந்துவிட்டது. மூடியில் இருந்த காபிக்குள் ரத்தம் சொட்டியது. அவர் என்னைத் திட்டவில்லை. "என்னப்பா அது, குருவியா? அடிபட்டுடுச்சா?" என்று கேட்டார். கண் சரியாகத் தெரியாதவர்.

ஆட்டோவில் கூட்டிப்போனேன், மூன்று தையல். அந்த இறக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள் அக்கா, வேப்பிலை மாதிரி லேசாக இருக்கும். சுற்றும்போது அது பிளேடு. அன்றிலிருந்து மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு மேலே நான் ஏற்றுவதே இல்லை. மண்டபத்திலும் பந்தல் பக்கம் போகாமல் ஓரத்தில் கயிறு கட்டி, ஒரு பையனைக் காவல் நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன். அதற்காகவே சிலர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

உங்கள் பையனுடையது சின்னது, இறக்கையும் சின்னது. ஆனால் நம் ஊர்ப் பூங்காவில் ஓடுகிற குழந்தை, ஊஞ்சல், வாக்கிங் வட்டம், சீனியர் சிட்டிசன் பெஞ்ச் எல்லாம் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டுக்குள் அடங்கிவிடுகிறது. எது விழுந்தாலும் யார் மேலாவதுதான் விழும்.

பதில்: காலை ஐந்தரை வாக்கிங்

வில்லிவாக்கம் தம்பி, அந்தப் பாட்டி வயதுதான் எனக்கும். சத்தம் போட்ட பெரியவர் பக்கத்தையும் சொல்கிறேன். எனக்குக் கேமராகூடப் பெரிதில்லை. தலைக்கு மேல் வண்டு மாதிரி ரீங்காரம் வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை, அண்ணாந்து பார்த்தால் கால் தடுக்குகிறது. போன வருடம் இப்படித்தான் என் தோழி நடைபாதை விளிம்பில் இடறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். ஆனால் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் எங்களிடம் வந்து, "பாட்டி, அந்தக் காலி மூலையில பத்து நிமிஷம் விடறேன்" என்று சொல்லட்டும். திரையைக் காட்டட்டும். எனக்கும் என் தெருவை மேலிருந்து பார்க்க ஆசைதான்.

கேள்வி கேட்டவர்: மேற்குமாடம்

எல்லோருக்கும் நன்றி. மூன்று தையலைப் படித்துக் காட்டினேன், பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்தான். இன்னும் ஒன்று. பேட்டரி பழசாகிவிட்டது என்று என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து புது ட்ரோனே கொண்டுவருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: சரக்குப் பிரிவு

வேண்டாம்மா. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்பு மாதிரி சில தேவைகளுக்கு மட்டும்தான் விலக்கு. பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாலும் ஸ்கேனில் தெரிந்துவிடும். பரிசுப் பொருளைச் சுங்க மேஜைமேல் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. புதிதாக வேண்டுமென்றால் இங்கேயே தயாரான, யூஐஎன் கிடைக்கக்கூடிய ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள்.

பதில்: வில்லிவாக்கம் வீடியோ

அக்கா, பையன் வரைபடத்தைத் திறந்தான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஓட்டுவதற்கு மூன்று விஷயம் அவனிடம் சொல்லுங்கள்.

ஆப்பில் அதிகபட்ச உயரத்தை முதலிலேயே 50 மீட்டரில் பூட்டிவிடட்டும். சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரம் என்று தனியாக ஒன்று இருக்கும். அது சுற்றியுள்ள மரத்தைவிட, செல்போன் டவரைவிட உயரமாகவும் அந்த 50-க்கு உள்ளேயும் இருக்க வேண்டும். பலர் இதைத் தொடுவதே இல்லை, ட்ரோன் நேராகத் தூங்குமூஞ்சி மரத்துக்குள் போய்விடும். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும், 249 கிராம் அதை எதிர்த்துத் திரும்பாது. காலையில் மட்டும் விடட்டும். வானத்தில் பருந்து வட்டம் போட்டால், பட்டம் தெரிந்தால், உடனே இறக்கிவிட வேண்டும். மாஞ்சா நூலுக்கு இங்கே தடைதான், ஆனாலும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நூல் இறக்கையில் சுற்றினால் அவ்வளவுதான்.

பூங்கா அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் அத்தைக்கு ஊத்துக்கோட்டை சாலையில் அறுத்து முடித்த வயல் இருக்கிறது. வரைபடத்தில் பச்சை. நான் மாதம் ஒரு ஞாயிறு அங்கேதான் பழகுகிறேன். கிளம்பும் காலை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வோம். நீங்களும் பையனோடு வாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைச் சார்ஜ் போடாதீர்கள், எடுத்து வாருங்கள், நான் பார்க்கிறேன்.

கேள்வி கேட்டவர்: மேற்குமாடம்

வருகிறோம் தம்பி. பேட்டரி ஒரு பக்கம் லேசாக உப்பித்தான் இருக்கிறது. ஒரு மண் தொட்டிக்குள் வைத்துப் பால்கனியில் வைத்துவிட்டேன். மண்டல அலுவலகத்துக்குப் பையனே கடிதம் எழுதியிருக்கிறான். "ஞாயிறு காலை 6 முதல் 6.15 வரை, காலி மூலையில் மட்டும், கேமராவை மூடிவிட்டு" என்று கேட்டிருக்கிறான். நாளைக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் கொடுக்கப் போகிறோம்.