உதவி: குரூசரில் சென்னை வரை போக வேண்டும், இடுப்பு தாங்கவில்லை (அவசரம்)

தங்கச்சிமடத்தான் | செவ்வாய் இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை விடியற்காலை சென்னைக்குக் கிளம்புகிறேன், மைத்துனர் வீட்டுப் புதுமனை புகுவிழா. வண்டி குரூசர் வகை மோட்டார் பைக். ராமநாதபுரம் தாண்டியதுமே நடு இடுப்பும் அடி எலும்பும் பிடித்துக்கொள்கின்றன. பரமக்குடியில் இறங்கினால் நிமிர்ந்து நிற்கவே நேரமாகிறது. விரல்களும் மரத்துப்போகின்றன. சீட்டை மாற்றவா, ஹேண்டில்பாரை உயர்த்தவா? இடையில் இரண்டு நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாலத்தடி | செவ்வாய் இரவு 10.20

என்ன வண்டி? எத்தனை சிசி? உங்கள் உயரம், எடை? டயரில் காற்று எவ்வளவு? குரூசர் என்று மட்டும் சொன்னால் எதை வைத்துச் சொல்வது?

ஜெல் மெத்தை | செவ்வாய் இரவு 10.31

சந்தேகமே வேண்டாம், சீட்தான். கம்பெனி சீட்டில் உட்கார்ந்தவுடன் மெத்தென்று இருக்கும். ஒரு மணி நேரத்தில் பஞ்சு அமுங்கி அடித்தட்டில் போய் நிற்கும். அதன் பிறகு நீங்கள் உட்கார்ந்திருப்பது பஞ்சில் அல்ல, பிளாஸ்டிக் தட்டில். நெடுந்தூரத்துக்குக் கொஞ்சம் கெட்டியான பஞ்சுதான் நல்லது. ராமநாதபுரத்தில் சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்து, நடுவில் வெட்டி ஜெல் வைக்கச் சொல்லுங்கள். மேலே வலை உறை போட்டால் வியர்வையும் தங்காது. என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன், சொர்க்கம்.

சாலைச் சித்தர் | செவ்வாய் இரவு 10.58

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். குரூசரில் காலை முன்னால் நீட்டி உட்காருகிறீர்கள். சாதாரண வண்டியில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம். இதில் கால் இடுப்புக்கு முன்னால் இருப்பதால் ஊன்ற முடியாது. உடம்பின் பாரம் முழுவதும் அடி எலும்பில் விழுகிறது, ஒவ்வொரு அடியும் நேராக முதுகுத்தண்டில் ஏறுகிறது. குழிந்த சீட் வேறு, முன்னும் பின்னும் நகரவிடாமல் ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறது. இதெல்லாம் வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை. ஜெல் வைத்து உடலமைப்பை மாற்ற முடியாது.

ஜெல் மெத்தை | செவ்வாய் இரவு 11.05

சித்தரே, அவர் வண்டியை விற்கவா கேட்டார்? வலி குறையத்தானே கேட்கிறார்.

தங்கச்சிமடத்தான் | புதன் காலை 6.40

350 சிசி. கம்பெனிப் பெயரைச் சொன்னால் இங்கே வேறு சண்டை தொடங்கிவிடும், அதனால் வேண்டாம். சீட் உயரம் 765 மி.மீ., டேங்க் 15 லிட்டர், பின்னால் இரண்டு ஷாக் (அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்). என் உயரம் 5 அடி 6 அங்குலம். காற்று பங்க்கில் அவர்கள் பிடித்ததுதான். வேலைக்குப் போகிறேன், மதியம் பார்க்கிறேன்.

பாலத்தடி | புதன் காலை 6.52

பெயரைச் சொல்லாமலே முழு ஜாதகத்தையும் சொல்லிவிட்டீர்கள்.

பழைய பட்டறை | புதன் காலை 7.30

தம்பி, எதையும் வாங்காதீர்கள். முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்பில் நான்கு போல்ட் இருக்கும். தளர்த்திவிட்டு, பாரை உங்கள் பக்கம் துளி திருப்புங்கள். முழங்கை லேசாக மடங்கி, தோள் தளர்ந்து இருக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள், கேபிள் இழுபடக் கூடாது.

அடுத்து கிளட்ச், பிரேக் லீவர்கள். சீட்டில் இயல்பாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி விரல்களை வையுங்கள். முன்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வர வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி ஒடிந்தால் விரல் மரக்கத்தான் செய்யும். கிரிப்பை இறுக்கிப் பிடிப்பதும் ஒரு காரணம். புது கிரிப், கனமான கையுறை எல்லாம் பிறகு.

ஒன்று கேட்க வேண்டும். தனியாகவா போகிறீர்கள்?

கீழக்கரை நெய்தல் | புதன் காலை 8.15

எல்லோரும் சீட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். காற்றை யாரும் நினைக்கவில்லை. அவர் தங்கச்சிமடத்துக்காரர், பாம்பன் சாலைப் பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடலின் மீது போகிறார். இந்தப் பருவத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து தெற்கும் மேற்குமாக அடிக்கிற காற்று, மண்டபம் பக்கம் வரும்போது இடதுபுறத்தில் மோதும். வண்டியைப் பிடித்து நிறுத்தவே தோளும் கையும் இறுகிவிடும். அந்த இறுக்கம்தான் பரமக்குடியில் வலியாக வருகிறது. நல்ல விண்ட்ஷீல்டு ஒன்று போடுங்கள்.

பாலத்தடி | புதன் காலை 8.28

நெய்தல் காக்கா, பக்கவாட்டுக் காற்றில் பெரிய விண்ட்ஷீல்டு பாய்மரமாகிவிடும். பாலத்தில் அது இன்னும் ஆபத்து.

கீழக்கரை நெய்தல் | புதன் காலை 8.40

பெரியது என்று நான் எங்கே சொன்னேன்? மேல் விளிம்பு மூக்கு மட்டத்துக்கு இருந்தால் போதும், அதன் மேலாகச் சாலையைப் பார்க்க வேண்டும். அளவு தவறினால் காற்று நேராக ஹெல்மெட்டின் நெற்றியில் மோதித் தலையை ஆட்டும், கழுத்து வலியும் சேர்ந்துகொள்ளும். நெஞ்சில் காற்று அடிக்காமல் இருந்தாலே பாதி களைப்பு குறையும். காதில் பஞ்சு அடைப்பான் வைத்தால் மீதியில் பாதி.

வைகை வடகரை | புதன் காலை 9.10

வலிக்குக் காரணம் வண்டியே இல்லை, சாலை. ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி வரை இருவழிச் சாலை. லாரியை முந்துவதும் பதுங்குவதுமாக உடம்பு முறுகிவிடும். பரமக்குடி தாண்டினால் மதுரை வரை நான்கு வழி, வெண்ணெய். பல்லைக் கடித்துக்கொண்டு அதுவரை போய்விடுங்கள்.

தொண்டிக்கரை | புதன் காலை 9.22

மதுரை எதற்கு? சென்னைக்குப் போகிறவர் மேற்கே போய்ச் சுற்ற வேண்டுமா? ராமநாதபுரத்தில் வடக்கே திரும்பி தேவிபட்டினம், தொண்டி, மீமிசல், மணமேல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடியுங்கள். கூட்டம் இல்லை, வளைவு இல்லை, கடல் காற்று. குரூசருக்கென்றே போட்ட சாலை.

வைகை வடகரை | புதன் காலை 9.31

கூட்டம் இல்லை, சரி. ஆடு? மாடு? உப்பு லாரி? நாகப்பட்டினம் தாண்டிவிட்டால் ஊருக்கு ஊர் வேகத்தடை. இடுப்பு வலிக்காரருக்குச் சொல்கிற வழியா இது?

தொண்டிக்கரை | புதன் காலை 9.36

உங்கள் இருவழியில் மட்டும் மயில் ஆடுகிறதோ?

வைகை வடகரை | புதன் காலை 9.44

பரமக்குடி–ராமநாதபுரம் நான்கு வழிக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவையே ஒப்புதல் கொடுத்தாயிற்று. 46.7 கிலோமீட்டர்.

தொண்டிக்கரை | புதன் காலை 9.47

வெள்ளிக்கிழமை அவர் ஒப்புதலின் மேல் ஓட்டுவாரா, தாரின் மேல் ஓட்டுவாரா?

பாலத்தடி | புதன் காலை 10.02

இரண்டும் வேண்டாம். தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போய் நான்கு வழியில் ஏறுங்கள். எந்த வழியாக இருந்தாலும் ஒன்று: நம் மாவட்டத்தில் சாலையோரத்தில் வண்டியை இறக்கி நிறுத்தும்போது தரையைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் டயரில் ஏறினால் இடுப்பு வலியெல்லாம் மறந்துபோகும். பஞ்சர் கிட் இருக்கிறதா?

சாலைச் சித்தர் | புதன் காலை 11.20

கேள்வி இடுப்பைப் பற்றியது. நீங்கள் நெடுஞ்சாலைத் துறைக் கூட்டம் நடத்துகிறீர்கள்.

தங்கச்சிமடத்தான் | புதன் மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணன் கேட்டதற்கு: தனியாக இல்லை, மனைவியும் வருகிறார். பின்னால் இரண்டு பை, சீர்வரிசைப் பாத்திரம் ஒன்று. எப்போதும் இருவராகத்தான் போவோம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஜெல் மெத்தை | புதன் மதியம் 1.18

அடடா!

சாலைச் சித்தர் | புதன் மதியம் 1.26

இதற்குத்தான் முதல் பதிவிலேயே எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது. ஒரு நாள் வீண்.

பழைய பட்டறை | புதன் மதியம் 1.50

விடுங்கள் சித்தரே. தம்பி, இப்போது விஷயம் புரிகிறது. இரவில் இருவரும் போகும்போது எதிரே வருகிறவர்கள் விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறார்களா? நீங்கள் டிம் செய்த பிறகும்?

தங்கச்சிமடத்தான் | புதன் மதியம் 2.05

ஆம்! எல்லா லாரிக்காரரும். நான் பல்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

பழைய பட்டறை | புதன் மதியம் 2.40

பல்பு அல்ல. பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்க்கிறது. பின் ஷாக்கில் ஸ்பிரிங்குக்கு அடியில் படிபடியாக வெட்டிய ஒரு ரிங் இருக்கும், பாருங்கள். அதுதான் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைப்பது என்று தீர்மானிக்கிறது. உங்கள் வகை வண்டியில் பெரும்பாலும் 6 படி. வாங்கிய நாள் முதல் அது கீழ்ப்படியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவருக்கு வைத்த படியில் இருவரும் பாத்திரமும் ஏறினால், ஷாக் உட்கார்ந்த நிலையிலேயே ஓடும். பள்ளம் வந்தால் அமுங்க இடம் இல்லை, அடி முழுவதும் உங்கள் எலும்புக்கு. முன் சக்கரத்தில் பாரம் குறைவதால் ஹேண்டிலும் லேசாகிவிடும். நெய்தல் காக்கா சொன்ன பாலத்துக் காற்றில் வண்டி அலைவதற்கு அதுவும் காரணம். நீங்கள் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், விரல் மரக்கிறது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையில் படாமல் வைத்துக்கொண்டு, சி ஸ்பேனரால் (ரிங்கில் மாட்டித் திருப்பும் கொக்கி வடிவ ஸ்பேனர்) இரண்டு ரிங்கையும் நான்காம் படிக்கு ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படி, மறக்கக் கூடாது. இருவரும் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. பாதிக்கு மேல் போனால் ஐந்தாம் படி.

பின் டயருக்கு இருவர் போகும்போது தனிக் கணக்கு. வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதைப் பார்த்து, டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். பங்க்கில் பிடித்ததே வேதம் அல்ல.

தங்கச்சிமடத்தான் | புதன் இரவு 8.55

ரிங் அசையவில்லை. துருவும் உப்பும் மணலும் சேர்ந்து சிமெண்டு பூசியது போல இருக்கிறது. படிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. வீடு கடற்கரையை ஒட்டி, வண்டி வெளியில்தான் நிற்கும். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டலாமா?

பழைய பட்டறை | புதன் இரவு 9.02

தட்டாதீர்கள்! விளிம்பு உடைந்தால் ஷாக்கையே மாற்ற வேண்டியதுதான். நல்ல தண்ணீரால் கழுவி, பழைய பல்துலக்கும் பிரஷால் மணலைத் தேய்த்து எடுங்கள். காய்ந்ததும் துரு தளர்த்தும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறட்டும். அது டயரிலோ பிரேக் டிஸ்க்கிலோ படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். காலையில் முதலில் ஒரு படி கீழே இறக்கப் பாருங்கள், அப்புறம் ஏற்றுங்கள். இறங்கும் பக்கம் கொஞ்சம் எளிதாக அசையும். அசைந்த பிறகு கிரீஸ் பூசிவிடுங்கள். தனுஷ்கோடி பக்கம் போய் வந்தால் செயினையும் அப்படியே நல்ல தண்ணீரால் கழுவி எண்ணெய் போட வேண்டும்.

பின்சீட்டு மகராணி | புதன் இரவு 9.40

இத்தனை பேர் இத்தனை யோசனை சொன்னீர்கள். பின்னால் உட்காரும் அம்மாவைப் பற்றி ஒருவராவது கேட்டீர்களா? குரூசரில் ஓட்டுகிறவருக்குச் சிம்மாசனம், பின்னால் இருப்பவருக்கு ஒரு துண்டு ரொட்டி அளவு சீட். கால் வைக்கும் இடம் உயரமாக இருந்தால் முட்டி மடங்கியே இருக்கும். பிடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் முன்னிருப்பவரின் இடுப்பைத்தான் பிடிப்பார். அவரது பாரமும் உங்கள் முதுகில்தான். ஒரு பேக்ரெஸ்ட் பூட்டுங்கள், அதுதான் உங்கள் இடுப்புக்கும் மருந்து. பைகளைத் தோளில் மாட்டச் சொல்லாதீர்கள், இருபுறமும் சமமாகக் கட்டுங்கள். பாத்திரத்தைப் பஸ் பார்சலில் போடுங்கள், ஐயா. விழாவுக்குப் பட்டுப்புடவையை அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம். வண்டியில் சுடிதாரோ பேண்டோ போட்டு, இருபக்கமும் கால் போட்டு உட்காரட்டும்.

ஜெல் மெத்தை | புதன் இரவு 9.52

சகோதரி சொல்வது சரி. கூடவே முன் கிராஷ் கார்டில் கால் நீட்ட ஒரு பெக் பூட்டினால் ஓட்டுகிறவரின் முட்டிக்கு ஓய்வு கிடைக்கும்.

சாலைச் சித்தர் | புதன் இரவு 10.10

பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் கம்பியில் வைத்துக்கொண்டு, குறுக்கே ஆடு வந்தால் என்ன செய்வார்? இந்த ஊரில் அது வராத நாள் உண்டா?

ஜெல் மெத்தை | புதன் இரவு 10.14

நான்கு வழியில் மட்டும் என்று சொல்ல வந்தேன்.

தொண்டிக்கரை | புதன் இரவு 10.16

நான்கு வழியில் ஆடு வராது என்று யார் சொன்னார்கள்? அங்கே எதிர்த்திசையில் மனிதர்களே வருகிறார்கள்.

சாலைச் சித்தர் | வியாழன் காலை 7.05

கடைசியாகச் சொல்கிறேன், கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம். மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். வலி வந்த பிறகு நிற்பதில் பயனில்லை, வருவதற்கு முன் நிற்க வேண்டும். தண்ணீர், உப்புக்கரைசல். தையல் தடித்த ஜீன்ஸ் வேண்டாம், அடிப்பக்கம் அழுத்தும். புதிதாகப் பூட்டிய எதையும் முதல்முறையாக நெடும்பயணத்தில் சோதிக்காதீர்கள். இன்று மாலை மண்டபம் வரை இருவரும் பைகளோடு போய் வந்து பாருங்கள். பாலத்தின் நடுவில் நிறுத்தி ரயில் பாலத்தைப் படம் எடுக்காதீர்கள்.

பழைய பட்டறை | வியாழன் மாலை 6.30

தம்பி, ரிங் அசைந்ததா?

பாலத்தடி | வெள்ளி காலை 8.00

கிளம்பிவிட்டார் போல. அசைந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கீழக்கரை நெய்தல் | வெள்ளி காலை 8.12

பாலத்தில் காற்று நேற்று இரவே பலமாக இருந்தது. பத்திரமாகப் போயிருக்க வேண்டும்.

தங்கச்சிமடத்தான் | ஞாயிறு இரவு 9.33

வந்து சேர்ந்தோம். ரிங் அசைந்தது, நான்காம் படி. லீவரையும் இறக்கினேன். விரல் மரக்கவில்லை. இடுப்பு விழுப்புரம் தாண்டும் வரை தாங்கியது. லாரிக்காரர்கள் யாரும் விளக்கு அடிக்கவில்லை. பாத்திரம் பார்சலில் போனது. பேக்ரெஸ்ட் வாங்க நேரமில்லை. திரும்பும்போது மனைவி ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டார். அனைவருக்கும் நன்றி.

பின்சீட்டு மகராணி | ஞாயிறு இரவு 9.41

அவருக்கு என் பாராட்டுகளைச் சொல்லுங்கள்.

பழைய பட்டறை | ஞாயிறு இரவு 9.50

திரும்பி வருவது தனியாக என்றால் ரிங்கை இரண்டாம் படிக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டைபோல் தூக்கிப் போடும். பின் டயர் காற்றையும் குறையுங்கள்.

தொண்டிக்கரை | ஞாயிறு இரவு 9.58

எந்த வழியாகப் போனீர்கள் என்று சொல்லவே இல்லையே?

வைகை வடகரை | ஞாயிறு இரவு 10.01

விழுப்புரம் என்கிறார், பிறகென்ன கேள்வி?

தொண்டிக்கரை | ஞாயிறு இரவு 10.03

பாலத்தடி சொன்ன காரைக்குடி வழியில் போனாலும் விழுப்புரம் வரும். அவரே சொல்லட்டும்.