சின்ன ஜூவுல வந்தது, பொறந்தது, போனது: பாத்தவங்க எழுதுங்க

தவிட்டுக்குருவி:
எங்க ஊர் ஜூவுக்கு புள்ளிமான் வண்டி வந்த அன்னிக்கு நான் அங்க இருந்தேன். ஊர் பேர் வேணாம், சின்ன ஜூதான், ரெண்டு மணி நேரத்துல மொத்தமும் சுத்திடலாம். வேற ஜூவுல இருந்து மாத்திக்கிட்டு வர்ற மான், நம்ம பக்கத்துல இருந்து மயில் போச்சுன்னு சொன்னாங்க. மரப்பெட்டி, உள்ள கும்மிருட்டு, காத்து போக மேல மட்டும் ஓட்டை. விடியறதுக்குள்ள இறக்கணும்னு பிளான், ஆனா வண்டி வந்து சேர்ந்ததே காலைல பத்தரைக்கு, அதுக்குள்ள ஸ்கூல் பசங்க ரெண்டு பஸ் வந்தாச்சு. கதவைத் தூக்கினதும் மொதல்ல வந்ததுங்க சும்மா மிரண்டு நின்னுச்சுங்க, கடைசியா ஒரு பெட்டை, வெளிச்சம் பட்டதும் எகிறுச்சு பாருங்க, நேரா போய் கம்பிவலைல மோதி விழுந்துச்சு. மூணு பக்கமும் வலை மேல சாக்கு கட்டியிருந்தாங்க, மான் கண்ணுக்கு அது செவுரு மாதிரி தெரியணும்னு. கேட் பக்கம் மட்டும் கட்டல. அது விழுந்து எந்திரிச்சு நாலு காலையும் உதறிட்டு நின்னுச்சு, பசங்க எல்லாம் கை தட்டி விசில் அடிச்சாங்க. கீப்பர் அண்ணன் மட்டும் அது தொடையையே பாத்துக்கிட்டு இருந்தாரு, தொடை சதை தனியா துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. "இது தங்காது தம்பி"ன்னாரு. அந்த வாரமே போயிடுச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது. மோதினதுக்கு ஒரு சொட்டு ரத்தம் கூட வரலையே, எப்படி செத்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

மழைநாள்:
மோதினதுல சாகல தோழர். பயத்துல ஓடி, பெட்டிக்குள்ள முட்டி மோதி, தசை அளவுக்கு மீறி வேலை செஞ்சா அமிலம் சேந்து தசையே உள்ள உடைய ஆரம்பிச்சுடும், அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிய அடைச்சிடும். மூத்திரம் டீ டிகாக்‌ஷன் கலர்ல போகும். கேப்சர் மயோபதின்னு பேரு, மான் வகைக்கு ரொம்ப சகஜம். சில மணி நேரத்துலயும் சாகும், நல்லா தின்னுக்கிட்டு இருந்துட்டு ரெண்டு வாரம் கழிச்சும் சாகும். வந்துட்டா பெருசா வைத்தியம் கிடையாது, வராம பாத்துக்கறதுதான். அதுக்குத்தான் ராத்திரியில ஏத்துறது, இருட்டுப் பெட்டி, சத்தம் கூடாதுங்கறது எல்லாம். ஸ்கூல் பஸ் நிக்கிற நேரத்துல பெட்டிய திறந்தவரைத்தான் கேக்கணும், சாக்கு கட்டாதவரை இல்ல.

பெருந்துறைக்காரன்:
மான் கதைக்கு நடுவுல ஈமு கதை சொல்றனேன்னு நெனைக்காதீங்க. 2012ல எங்க பக்கம் ஈமு வளத்தா லாபம்னு ஜனங்ககிட்ட காசு வாங்கின கம்பெனிங்க ஓடிப்போனது எல்லாருக்கும் தெரியும், காசு போனத பத்தி பேசிப்பேசி சலிச்சாச்சு, பறவைங்க என்ன ஆச்சுன்னு யாரும் பேசறதில்லீங்க. தீவனம் போட ஆளில்லாம கவர்மெண்ட்டு தீவனம் போட்டுச்சு கொஞ்ச காலம். எங்க சித்தப்பா பண்ணைல மிஞ்சினத எங்கயாச்சும் ஒரு ஜூவுல விட்ரலாம்னு வண்டி வெச்சுட்டு அலைஞ்சோமுங்க. ஒரு எடத்துல உள்ளயே விடல, "எடமில்ல, மேலிடத்து பர்மிஷன் இல்லாம ஒரு முட்டைகூட வாங்க முடியாது"ன்னாங்க. கடைசில ஒருத்தர் தோப்புல விட்டோம்.

அங்கதான் நான் அதைப் பாத்தது. ஈமுல அடை காக்கிறது ஆம்பளைங்க. பொட்டை முட்டை போட்டுட்டு நடையக் கட்டிரும். கரும்பச்சை முட்டை, ஒவ்வொண்ணும் அரைக்கிலோவுக்கு மேல இருக்கும். சேவல் அது மேல உக்காந்தா எட்டு வாரம் தின்னாது, தண்ணி குடிக்காதுன்னே சொல்லலாம், முட்டைய உருட்டிவிட மட்டும் எந்திரிக்கும், ஒடம்புல மூணுல ஒரு பங்கு கரைஞ்சுரும். எங்க சேவல் கூமுட்டை மேல உக்காந்துருச்சுங்க. எட்டு வாரம் தாண்டியும் எந்திரிக்கல. சித்தப்பா போயி முட்டைய எடுக்கப்போனா உதைக்க வருது, எடுக்காட்டி செத்துரும். ஒருத்தர் கோணிப்பைய அது மூஞ்சில போத்தி இழுத்துப் புடிக்க, இன்னொருத்தர் எடுத்தாரு. ஒண்ணு கை தவறி உடைஞ்சு நாத்தம் தோப்பு முழுக்க. அந்த சேவல் அந்த ஈரத்துக்கு மேலயே திரும்பி வந்து உக்காந்துச்சு.

நெருப்புக்கோழி_இல்ல:
இதுக்குத்தான் சொல்றது ஜூவே வேணாம்னு. எல்லாத்தையும் காட்டுல விட்டுட்டா முடிஞ்சு போச்சு. எதுக்கு கூண்டு, எதுக்கு வண்டி, எதுக்கு சாக்கு.

கொடிவேரி_வாத்து:
@நெருப்புக்கோழி_இல்ல ஈமுவ சத்தியமங்கலம் காட்டுல விடலாங்கறீங்களா? ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் நீங்க போடறீங்களா?

மழைநாள்:
விடறது அவ்வளவு லேசு இல்ல. கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்கா ஜூ 1965லேர்ந்து இருந்தது, எடம் பத்தாதுன்னு 2022 ஜனவரில மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கீகாரத்த ரத்து பண்ணிடுச்சு. பறவைங்களயும் முதலைகளயும் வண்டலூருக்கு அனுப்பலாம், சரி, மானுங்கள? சாணி சாம்பிள் எடுத்து டிபி இருக்கான்னு டெஸ்ட் பண்ணி, அதுக்கப்புறம்தான் சிறுவாணி அடிவாரத்துல விட்டாங்க. ஏன்னா கூண்டுல மனுசங்க பக்கத்துலயே வளந்த மான் ஒரு வியாதிய கொண்டு போச்சுன்னா காட்டுல இருக்கிறதும் சேந்து போகும். லைசென்ஸ் போன அன்னிக்கு அத்தனை மிருகமும் விடுதலை ஆச்சுன்னு நெனச்சீங்கன்னா, இல்ல, வருசக்கணக்குல அதே கூண்டுல காகிதத்துக்காக காத்துக்கிட்டு இருந்ததுங்க.

லெட்ஜர்_மாமா:
நான் ஒரு ஜூ ஆபீஸ்ல பில் செக்‌ஷன்ல இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. நீங்க எல்லாம் மிருகத்த பாத்திருக்கீங்க, நான் காகிதத்த பாத்தவன். வருசா வருசம் மார்ச் 31க்கு கணக்கு முடிக்கணும். தொடக்க இருப்பு, பிறப்பு, வரவு, வெளியே அனுப்பியது, இறப்பு, இறுதி இருப்பு. இதையே ஒவ்வொரு ஜாதிக்கும் ஆண் எத்தனை பெண் எத்தனை தெரியாதது எத்தனைன்னு பிரிச்சு டெல்லிக்கு அனுப்பணும். மளிகைக்கடை ஸ்டாக் புக்குக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லன்னு ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவோம்.

எனக்கு நெஞ்சுல நிக்கறது என்னன்னா, ஒரு வருசம் நரிக் குட்டி போட்டுச்சு. காலைல கீப்பர் ஓடி வந்து "சார் நாலு"ன்னான், பிறப்பு 4ன்னு எழுதினேன், ரேஞ்சர் போட்டோகிராபர வரச் சொன்னார். மத்தியானம் அதே கீப்பர் வந்து வாசல்ல நிக்கறான், ஒண்ணும் பேசல. தாயே தின்னுடுச்சு. புது இடம், போட்டோ எடுக்க ஆளுங்க கூண்டு கிட்ட போயி எட்டி எட்டி பாத்திருக்காங்க, அது தாங்கல அதுக்கு. பிறப்பு 4, இறப்பு 4, ஒரே நாள் தேதி. இறந்தா போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வெக்கணும், இதுல அறுக்கறதுக்கு உடம்பே இல்ல, என்ன எழுதறதுன்னு டாக்டரும் நானும் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தோம். டாக்டர் கடைசில ஒரே வரி எழுதி கையெழுத்து போட்டார். அந்த போட்டோகிராபர் பத்தி ஒரு வார்த்தை இல்ல அதுல.

நெருப்புக்கோழி_இல்ல:
பாத்தீங்களா. நான் சொன்னா சண்டைக்கு வருவீங்க.

தவிட்டுக்குருவி:
மாமா, அந்த கீப்பர் இப்பவும் இருக்காரா?

லெட்ஜர்_மாமா:
இருக்கான். இன்னும் கான்ட்ராக்ட்தான்.

பச்சைத்தாவணி:
எங்க ஆச்சி வளத்த கிளி. கிளி வீட்டுல வெச்சா கேசுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் ஆச்சி பயந்து போயி நாங்களே கொண்டு போய் ஒப்படைச்சோம், அங்கேர்ந்து ஜூ கூண்டுக்குப் போச்சு. பெரிய கூண்டு, நூத்துக்கணக்குல பச்சைக்கிளி, எல்லாம் இப்படி வந்ததுதானாம். பொங்கல் லீவுக்கு போனப்போ எது நம்ம கிளின்னு கண்டுபிடிக்க முடியல, அத்தனையும் ஒரே மாதிரி கத்துது. ஆச்சி சேலை முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு கம்பிகிட்ட போயி "யாரு வந்திருக்கா"ன்னாங்க. உள்ளேர்ந்து ஆச்சி குரல்லயே, அந்த இழுவையோட, "பால்காரனா"ன்னு பதில் வந்துச்சு. கூட்டத்துல ஒரு கிளி மட்டும் தலைய சாச்சு இறங்கி வந்து கம்பிய கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பக்கத்துல இருந்த பசங்க "மாமி இன்னொரு தடவ பேச சொல்லுங்க"ன்னு செல்போன தூக்கிட்டாங்க. ஆச்சி அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல, கிளி பேசிக்கிட்டே இருந்துச்சு.

கொடிவேரி_வாத்து:
ஆச்சி இருக்காங்களா?

பச்சைத்தாவணி:
இருக்காங்க. நல்லா சண்டை போடறாங்க. பால்காரர்கிட்டதான்.

நாட்டு_வைத்தியர்:
@பச்சைத்தாவணி மனசு கஷ்டமா இருக்கு. நானும் ஒரு தடவ காட்டோரத்துல மான்குட்டி பாத்தேன், புல்லுக்குள்ள படுத்திருந்துச்சு, அவ்வளவுதான் என் கதை. ஆனா எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும், தனியா கெடக்கிற மான்குட்டி அனாதை இல்ல. தாயே அப்படி படுக்க வெச்சுட்டு மேயப் போகும், குட்டிக்கு அப்ப வாடை ரொம்ப கம்மி, புள்ளி வெயில்ல கலந்துடும், அசையாம கெடக்கறதுதான் அதுக்கு பாதுகாப்பு. பாவம்னு தூக்கிட்டு வந்து ஆவின் பால் ஊத்துவாங்க, அது பேதியாகும், அப்புறம் ஃபாரஸ்ட் ஆபீஸ் போகும், அங்கேர்ந்து ஜூ, அங்க ஏற்கனவே மான் ஜாஸ்தி. அதனால தொடாதீங்க, தள்ளி நின்னு பாருங்க, நாய் இருந்தா விரட்டுங்க, சாயங்காலம் வரைக்கும் தாய் வரலைன்னா மட்டும் வனத்துறைக்கு சொல்லுங்க. கிளி வெச்சிருக்கறவங்க மொட்டை மாடில நின்னு பறக்க விட்டுடாதீங்க, றெக்கை வெட்டின கிளிய காக்கா விடாது. எழுத்துல கொடுத்து ஒப்படைங்க, ஒப்படைச்சதுக்கு ஒரு காகிதம் கேட்டு வாங்குங்க. அப்புறம் ஜூவுக்கு போனா மானுக்கு சிப்ஸ் போடறது, அந்த கவரையும் சேத்து போடறது, உப்புக்காக கவரோட முழுங்கும். கிண்டி பக்கம் செத்த மான் வயித்துல கிலோ கணக்குல பிளாஸ்டிக் எடுத்தாங்கன்னு பேப்பர்லயே வந்துச்சு. மயிலுக்கு முறுக்கு போடாதீங்க. கொரங்குக்கு எதையுமே போடாதீங்க.

பெருந்துறைக்காரன்:
யாரும் கேக்கலீங்க, ஆனா நல்லாருக்கு.

ஈசிஆர்_வாசி:
பிறப்புன்னா சந்தோஷம்னு எல்லாரும் எழுதறீங்க, நான் வேற மாதிரி பாத்தேன். சென்னை பக்கம் ஈசிஆர்ல வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976ல ஆரம்பிச்சது, நாட்டுல சதுப்பு முதலை அழியப் போகுதுன்னு முட்டை வெச்சு பெருக்க ஆரம்பிச்சாங்க. பெருகுச்சு. அங்க ஒரு பெட்டை வருசத்துல ரெண்டு தடவ கூட முட்டை வெக்குது. மண்ணு சூட்டுலதான் குஞ்சு ஆணா பொண்ணான்னு முடிவாகும், முப்பத்திரண்டரை டிகிரி பக்கம் ஆண் ஜாஸ்தி, அதுக்குக் கீழ பொண்ணு. குஞ்சு முட்டைக்குள்ள இருந்தே 'ஙக் ஙக்'னு கத்தும், தாய் அதைக் கேட்டு மண்ணைத் தோண்டி, ஓடு உடையாத குஞ்ச வாயில வெச்சு லேசா அழுத்தி உடைச்சு, வாயிலயே தண்ணிக்கு கொண்டு போகும். காட்டுல விட இடமில்லாம போனதும் பண்ணைல என்ன பண்ணுவாங்க, முட்டைய தோண்டி எடுத்துடறதுதான். நான் சின்னப் பையனா போனப்போ ஒருத்தர் நீளக் கம்பால தாய் முதலைய தள்ளிப் புடிச்சுக்கிட்டு நிக்க, இன்னொருத்தர் குந்தி உக்காந்து பக்கெட்ல முட்டைய அடுக்கினதைப் பாத்தேன். அந்த முதலை கம்பைக் கடிச்சுட்டு விடவே இல்ல, கம்புல பல்லு இறங்குற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் எண்ணிக்கை அடங்கல, கடைசில ஆயிரம் முதலைய குஜராத் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி வாங்கினாங்க, அதுக்கும் கோர்ட்டுல வழக்கு போட்டு 2022ல தள்ளுபடி ஆச்சு.

நெருப்புக்கோழி_இல்ல:
முட்டைய எடுத்து அழிக்கறதுக்கு பேரு பாதுகாப்பா?

ஈசிஆர்_வாசி:
அழிக்கலைன்னா ஒரு குளத்துல நூறு முதலை ஒண்ணு மேல ஒண்ணா கெடந்து கால கடிச்சுக்கும், அதைப் பாத்துட்டு வந்தும் நீங்கதான் திட்டுவீங்க. ரெண்டுல எதுக்கு திட்டணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க.

உட்லண்ட்ஸ்_அக்கா:
சின்ன ஜூ இல்ல, மன்னிச்சுக்குங்க, சிங்கப்பூர் ஜூ. இனுக்கான்னு ஒரு பனிக்கரடி, 1990 டிசம்பர்ல இங்கேயே பொறந்தது, வெப்பமண்டலத்துல பொறந்த மொதல் பனிக்கரடி. பனியவே பாக்காம வளந்தது. ரோமத்துல பாசி புடிச்சு ஒரு காலத்துல பச்சையா கூட திரிஞ்சுது. எங்க பிள்ளைங்க எல்லாம் அது கூடவே வளந்துச்சுங்க. 2018 ஏப்ரல்ல வயசாகி, மூட்டுவலி, பாதத்துல புண்ணு, மயக்கம் குடுத்து பரிசோதிச்சவங்க எழுப்பாமயே விட்டுட்டாங்க. எங்க வீட்டுல பெரியவன் நேஷனல் சர்வீஸ்ல, அதான் இங்க கட்டாய ராணுவ சேவை, அதுல இருந்தான், கேம்ப்லேர்ந்து போன் பண்ணி "ம்மா, இனுக்கா"ன்னான். இனிமே பனிக்கரடி கொண்டு வர மாட்டோம்னு ஜூ முன்னாடியே சொல்லிட்டாங்க, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். நெருப்புக்கோழி தம்பி சொல்றதுல பாதி ஒத்துக்கறேன், எந்த மிருகத்த எங்க வெக்கறதுன்னு ஒரு கணக்கு வேணும்.

மழைநாள்:
அக்கா சொன்னதும் 2021 ஞாபகம் வருது, வண்டலூர்ல நீலான்னு ஒன்பது வயசு பெண் சிங்கம், கொரோனாவுல ஜூன் 3 போச்சு. ஜூ பூட்டிக் கெடந்துச்சு, விசிட்டர் கிடையாது. அப்புறம் முதுமலை முகாம் யானைங்களுக்கும் தும்பிக்கைல சாம்பிள் எடுத்தாங்க. எங்க பக்கத்து சின்ன ஜூவுல அந்த மாசம் கீப்பருங்க பிபிஇ கிட் போட்டுக்கிட்டு கறி போடப் போனா, சிறுத்தை வெளிய வரவே மாட்டேன்னுடுச்சு. அதுக்கு தெரிஞ்ச மூஞ்சிய காணோம். ஒருத்தர் மாஸ்க மட்டும் வெச்சுக்கிட்டு தலைல இருந்தத கழட்டி "டேய் நான்தான்டா"ன்னதும்தான் வந்துச்சு.

லெட்ஜர்_மாமா:
பிபிஇ கிட் பில்லு பாஸ் ஆக எட்டு மாசம் ஆச்சு எங்க ஆபீஸ்ல. அதையும் எழுதுங்க.

கொடிவேரி_வாத்து:
@தவிட்டுக்குருவி மத்த மானுங்க என்ன ஆச்சு? நீங்க சொல்லவே இல்லையே.

தவிட்டுக்குருவி:
நல்லாருக்குங்க. அதுல ஒண்ணு குட்டி போட்டிருக்கு. மாமா சொன்ன கதைக்கு அப்புறம் போட்டோ எடுக்கப் போக மனசு வரல. கேட் பக்கமும் இப்ப சாக்கு கட்டியிருக்காங்க, கிழிஞ்ச சாக்குதான், ஆனா கட்டியிருக்காங்க.

நெருப்புக்கோழி_இல்ல:
குட்டி ஆணா பொண்ணா? ஆண்னா தனியா பிரிக்கணும் அடுத்த வருசம், இல்லைன்னா இதே பிரச்சனைதான், அதுக்கும் வண்டி, அதுக்கும் பெட்டி.