புதுப்பிப்பு: லாரி டீசல் பம்பில் ‘ஊய்ங்’ சத்தம், சரியாகிவிட்டது

போன மாசம் கேட்டிருந்தேன்: ஆறரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி, நெல் லோடு ஏற்றி மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகையில் டீசல் பம்ப் பக்கம் ‘ஊய்ங்’ என்று சத்தம், டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் இன்னும் கூடுகிறது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். ரெண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "பம்பே போச்சு, கழற்றிடலாம்" என்று பட்டறையில் சொன்னதைக் கேட்டிருந்தால் தண்டச்செலவு.

கைகொடுத்தது, ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக் கொடுக்கிற பம்ப்) முன்னால், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் போட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனை. ஒரு முழம் டியூப் மாட்டி ஸ்டார்ட் செய்தால், சோடா மாதிரி குமிழி குமிழியாக ஓடுகிறது! சேஸிஸில் உரசி, கிளிப்புக்கு அடியில் டேங்கிலிருந்து வருகிற டீசல் ஓஸ் மயிரிழை அளவு வெடித்திருந்தது. தரையில் ஒரு சொட்டு டீசல் இல்லை. உறிஞ்சுகிற பக்கம் என்பதால் டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. ஓஸ், காப்பர் வாஷர் எல்லாம் புதுசு போட்டு, கைபம்ப் அடித்து, உள்ளே மாட்டியிருந்த காற்றை வெளியே எடுத்தேன். முக்கால்வாசி சத்தம் போச்சு.

மிச்சம்தான் எதிர்பாராதது. டேங்க் சல்லடையைக் கழற்றினால் கறுப்பாகப் பாசி மாதிரி கொழகொழவென்று அப்பியிருக்கிறது, அடியில் தண்ணீர். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே டேங்க் மூடி ரப்பர் போயிருந்ததைக் கவனிக்காதது என் தப்பு. டேங்கைக் கழுவி, ரப்பர் மாற்றி, 1,200 கிலோமீட்டர் ஓடியாச்சு. இப்போது கேட்பது டர்போ விசில் மட்டும்தான். அது பழைய சிநேகிதம்.