ஐப்பசி மழைக்கு முன் நாட்டு ஓட்டு வீட்டில் எதை முதலில் பார்ப்பது?

குரோம்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாய்வழிப் பாட்டியின் வீடு மதுராந்தகத்திற்கு அருகில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த மண்சுவர் வீடு. நடுவில் முற்றம், முன்னால் இரண்டு திண்ணைகள், பின்னால் கிணறும் கொல்லையும், கொல்லையின் எல்லையில் ஏழெட்டுப் பனை மரங்கள். பாட்டி காலமாகி ஓராண்டு நிறைந்துவிட்டது. இந்த ஆண்டு கார்த்திகை விளக்கை அந்த வீட்டுத் திண்ணையில்தான் ஏற்றவேண்டும் என்றும், ஐப்பசி பிறந்ததும் அங்கே சென்று தை வரை தங்கவேண்டும் என்றும் அம்மா விரும்புகிறார். அவருக்கு வயது 68.

பாட்டி இருந்தவரை புரட்டாசியில் வீட்டில் ஏதேதோ வேலைகள் நடந்துகொண்டே இருக்கும். விடுமுறைக்குச் சென்ற சிறுமியாக நான் அவற்றைப் பார்த்திருக்கிறேனே தவிர, எதை ஏன் செய்தார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. இப்போது புரட்டாசி முதல் வாரம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் என்பதால், எனக்கு நான்கு வார இறுதிகள்தாம் இருக்கின்றன. எந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன். வேலையைத் தவிர, அங்கே அந்த மாதங்களில் அம்மாவுக்கு மகிழ்ச்சி தரக்கூடியவை எவை என்பதையும் சொல்லுங்கள்.

முற்றத்துவீடு எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பணி ஓய்வுக்குப் பின் ஆண்டில் பாதி நாள் சென்னையிலும் பாதி நாள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டிலும் இருப்பவன். உங்கள் கேள்விக்கு என் விடை ஒரே வரியில் அடங்கும்: முதல் வார இறுதியைக் கூரைக்கும், இரண்டாவதைத் தண்ணீர் வெளியேறும் வழிக்கும் ஒதுக்குங்கள், மற்ற எல்லாம் காத்திருக்கும்.

நாட்டு ஓடு தானாகக் கெடுவது குறைவு. பூனை ஓடியும், குரங்கு தாவியும், தென்னை மட்டை விழுந்தும் ஓடுகள் நகர்ந்துவிடுகின்றன. மல்லாந்து கிடக்கும் ஓடுகளில் சருகும் மண்ணும் சேர்ந்து, அதில் அரசோ ஆலோ முளைத்து, மழைநீர் கீழே வழிய முடியாமல் பக்கவாட்டில் உள்ளே இறங்குகிறது. ஆகவே ஓடு மாற்றத் தெரிந்த ஆளை இன்றைக்கே பேசிவையுங்கள். முதல் மழை பெய்து நான்கு வீடுகள் ஒழுகத் தொடங்கிவிட்டால் அவரைப் பிடிக்கவே முடியாது. பழைய ஓடுகளின் அளவுக்கு இன்றைய ஓடுகள் பொருந்துவதில்லை. ஊரில் யாராவது ஓட்டு வீட்டைப் பிரித்திருந்தால் அங்கே கிடைக்கும் பழைய ஓடுகளை வாங்கி ஒரு மூலையில் அடுக்கிவைத்துக்கொள்வது நல்லது. கூரையின் இரண்டு சரிவுகள் கூடும் மூலைகளில் தகரம் பதித்திருப்பார்கள். அதில் துரு ஏறி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று ஆள் மேலே இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தில் சிமென்ட் பூசலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். வெயிலில் அது விரிசல் விட்டு, பிறகு அந்த விரிசலே நீரைப் பிடித்துவைத்து அடியிலுள்ள மரத்தை அழுகச் செய்யும். எங்கள் வீட்டில் ஒரு பனஞ்சட்டம் அப்படித்தான் போயிற்று.

இனி முற்றம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் கூரையில் 80 சதுர மீட்டர் முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் ஓர் இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்வது நம் பகுதியில் அரிதன்று. அந்த ஓர் இரவில் மட்டும் 8,000 லிட்டர், அதாவது சென்னையில் ஒரு தண்ணீர் லாரி கொண்டுவந்து தரும் அளவு, உங்கள் முற்றத்தில் இறங்கும். அத்தனையும் சுவருக்கு அடியில் போகும் ஒரு சாண் அகலத் தூம்பின் வழியாகத்தான் வெளியேறவேண்டும். ஓராண்டாக ஆள் இல்லாத வீட்டில் அந்தத் தூம்பை எலி மண் தள்ளி அடைத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நீண்ட மூங்கில் கழியால் குத்தி எடுத்தபின், பத்துக் குடம் தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றி மறுபக்கம் எவ்வளவு விரைவாக வருகிறது என்று பாருங்கள். மண்சுவருக்குக் கூரை ஒழுகுவதைவிட அடியில் நீர் தேங்குவதுதான் பெரிய தீங்கு.

மின்சார வேலை தெரிந்தவர் ஒருவரை அழைத்து, பழைய மரப்பலகைச் சுவிட்சுகளையும் எர்த் கம்பியையும் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திவிடுங்கள். ஈரச் சுவர் உள்ள வீட்டில் வயதானவர் தனியாக இருக்கும்போது இந்தச் செலவைத் தவிர்க்கக்கூடாது.

கொல்லைப்புறம் எழுதியது:

அம்பத்தூரில் வசிக்கிறேன், பொன்னேரிப் பக்கம் எங்கள் மாமியார் வீடு. மேலே ஐயா சொன்னவற்றை அப்படியே வழிமொழிகிறேன். நான் கொல்லையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பயன்படாமல் கிடக்கும் ஆட்டுக்கல்லும் உரலும் கொல்லையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. இப்படிப்பட்ட குழிகளில் தேங்கும் தெளிந்த நீரில்தான் இடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை போதும். உரலைக் கவிழ்க்க முடியாது என்பதால் எங்கள் வீட்டில் குழி நிறைய மணலை நிரப்பி, அதில் ஒரு துளசிச் செடியையும் வைத்துவிட்டோம். தேங்காய்த் தொட்டி, உடைந்த பானை, பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் முதல் மழைக்கு முன் அப்புறப்படுத்துங்கள்.

விறகை நனையாத இடம் என்று சொல்லிப் பின்கட்டுச் சுவரை ஒட்டி அடுக்குவது வழக்கம். அதைச் செய்யாதீர்கள். மழையில் வளைகளுக்குள் நீர் புகுந்ததும் பாம்புகள் மேடான, உலர்ந்த இடத்தைத் தேடி வரும்; விறகடுக்கில் எலியும் தவளையும் இருந்தால் அங்கேயே தங்கிவிடும். வீட்டிலிருந்து பத்தடி தள்ளி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கல் வைத்து, அதன்மேல் அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். அம்மா பாயில் படுக்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால், இந்த மூன்று மாதங்களுக்கு மட்டுமாவது கட்டிலில், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிப் படுக்கச் சொல்லுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அது கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ தெரியாது என்பதால், தூங்குகிறவர் கடிபட்டதையே அறியாமல் இருந்துவிடுவதுண்டு. ஐயம் எழுந்தாலே போதும், கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது போன்ற எதையும் செய்யாமல், கை கால் அசையாமல் வைத்து 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். விஷமுறிவு மருந்து எங்கே எப்போதும் இருப்பில் உள்ளது என்று இப்போதே விசாரித்து, அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அச்சமூட்டுவதற்காக இவ்வளவும் எழுதவில்லை, சகோதரி. இவற்றை முடித்துவிட்டால் அந்த மாதங்களைப் போல இன்பமான காலம் வேறில்லை. புரட்டாசி வெயில் கடுமையாக இருக்கும்போதே மோர் மிளகாயும் சுண்டைக்காய் வற்றலும் போட்டுவிடுங்கள்; அடைமழை நாளில் வெளியே போக முடியாதபோது சுடுசோற்றில் வற்றல் குழம்பு ஊற்றி அம்மா சாப்பிடட்டும். வேலியோரத்தில் ஆடியில் யாராவது அவரை நட்டிருந்தால், பகற்பொழுது குறையத் தொடங்கியதும் அது தானாகப் பூத்துக் கார்த்திகையில் காய்க்கும். இல்லையென்றால் இப்போது பரங்கி விதையை ஊன்றுங்கள். மார்கழிக் கோலத்திற்கு வாசலில் பூ வைக்க வெளியே தேடவேண்டாம்.

கொல்லைப் புதர் முழுவதையும் வெட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள் என்பது என் கடைசி வேண்டுகோள்.

முற்றத்துவீடு எழுதியது:

கடைசி வரியில் மட்டும் அம்மையாருடன் மாறுபடுகிறேன். வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து அடிக்குச் சுத்தமாக இருக்கட்டும். ஆனால் கிணற்றுக்குப் பக்கத்திலும் கொல்லையின் சரிவிலும் உள்ள புல்லையும் வெட்டிவேரையும் வேரோடு எடுத்துவிட்டால், முதல் பெருமழையிலேயே மேல்மண் கரைந்து கிணற்றுக்குள் இறங்கும். அங்கே அரிவாளால் கணுக்கால் உயரத்திற்கு அறுத்தால் போதும்.

பனங்காட்டுப் பையன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் செய்யூர்ப் பக்கம் பிறந்து, இப்போது வேளச்சேரியில் வேலை பார்க்கிறேன். ஏழெட்டுப் பனை மரங்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் விடை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வாரம் சென்றால் மரத்தடியில் பனம்பழங்கள் விழுந்து கிடக்கும். சதையை எடுத்துக்கொண்டு கொட்டைகளைக் கொல்லையில் மணலும் மண்ணும் கலந்த மேட்டுப் பாத்தியில் நெருக்கமாக அடுக்கி, மேலே மண் மூடிவிடுங்கள். பிறகு மழையே நீர் ஊற்றிக்கொள்ளும். அம்மா தை வரை இருப்பார் என்பதால் பொங்கலுக்குப் பனங்கிழங்கைத் தம் கையாலேயே தோண்டி எடுக்கலாம்.

அதைவிட முக்கியமானது மாவலி. நம் வடதமிழ்நாட்டுப் பக்கம் கார்த்திகை தீபத்தன்று பிள்ளைகள் தீப்பொறி பறக்கச் சுற்றுவார்களே, அதற்கு வேண்டியது ஆண் பனையின் காய்ந்த பூ. மழையில் ஊறிவிட்டால் அது உதவாது. ஆகவே இதுவும் புரட்டாசி வேலைதான். கீழே உதிர்ந்து கிடக்கும் பனம்பூவைப் பொறுக்கி, நன்றாக உலர்த்தி, பரண்மேல் வைத்துவிடுங்கள். தீபத்திற்குச் சில நாள் முன்பு சிறு குழி வெட்டி அதில் போட்டுக் கொளுத்தி, சுடர் அடங்கும் தறுவாயில் மண்ணைத் தள்ளி மூடவேண்டும், தாமதித்தால் சாம்பலாகிவிடும். மறுநாள் கரியை எடுத்து நுணுக்கிப் பழைய வேட்டித் துணியில் ஒரு சாண் நீளத்திற்கு இறுகச் சுருட்டிக் கட்டவேண்டும். பனைமட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் அந்தச் சுருளை வைத்து, இரண்டு முனைகளையும் கட்டி, ஒரு நீளக் கயிற்றில் இணைத்து, நெருப்புத் துண்டு ஒன்றை வைத்துத் தலைக்குமேல் சுற்றினால், வட்டம் முழுவதும் பொன்னிறப் பொறி கொட்டும். கரி சரியாக அமைந்தால் பொறி நீண்ட நேரம் நிற்கும். அதில்தான் ஊர்ப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும். வைக்கோல் போருக்கு அருகில் மட்டும் சுற்றவேண்டாம். அறுப்பு முடிந்த வெற்றுக் களமோ ஏரிக்கரையோ நல்லது.

நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கட்டாயம் அந்த நாளுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குரோம்பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று சென்று வந்தோம். ஐயா சொன்னதுபோலவே தூம்பு முழுவதும் எலி மண். மூங்கில் கழியால் குத்தி எடுக்க எனக்கும் என் கணவருக்கும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஓடு மாற்றும் பெரியவர் வரும் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டி வீட்டு வேலையைத் தாமே பலமுறை செய்ததாகவும், சமையற்கட்டு மூலையில் எந்த ஓடு நகரும் என்பது தமக்குத் தெரியும் என்றும் அவர் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசாமல் நின்றார்.

உரலில் மணல் நிரப்பிவிட்டேன். கட்டிலில் படுக்க அம்மா முதலில் மறுத்தார். கட்டுவிரியனைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியபின் ஒப்புக்கொண்டார். வெட்டிவேர் புதர் கிணற்றடியில் அப்படியே இருக்கிறது.

பனம்பூவைப் பற்றிச் சொல்லவேண்டும், தம்பி. மாவலி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா தாமே ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பனையடிக்குப் போய்விட்டார். சிறுமியாக இருந்தபோது அண்ணன்மார் சுற்றுவதைப் பார்த்ததுதானாம். பெண் பிள்ளைகளிடம் கயிற்றைத் தரமாட்டார்களாம். இரண்டு கூடை சேர்ந்திருக்கிறது. பரணில், அடுப்புக்கு நேர் மேலே, கோணிப்பையில் கட்டி வைத்திருக்கிறோம். கயிறு எத்தனை முழம் வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

பனங்காட்டுப் பையன் எழுதியது:

அம்மாவின் உயரத்திற்கு இரண்டு முழம் போதும், அக்கா. சுற்றும்போது சுருள் தரையில் படக்கூடாது. தேங்காய்நார்க் கயிறாகவே இருக்கட்டும்; நைலான் கயிறு உருகி அறுந்துவிடும்.