அம்மாவின் மறதிநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? பராமரித்த அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் அம்மாவுக்கு அல்சைமர் நோய் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர் பாரி ரைஸ்பெர்க் குழுவினர் 1982-இல் வெளியிட்ட 7 கட்ட அளவுகோலை (எண் கூடக் கூட நோய் முற்றியிருக்கிறது என்று பொருள்) வைத்து அவருடைய நிலையைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். ஆனால் எந்த ஒரு கட்டத்துக்குள்ளும் அவர் முழுதாக அடங்கவில்லை.

வரவு செலவு பார்ப்பது கைவிட்டுப் போய்விட்டது. அது 4-ஆம் கட்டத்தின் அடையாளம். பொருத்தமான உடையைத் தேர்ந்தெடுக்க உதவி தேவைப்பட்டால் 5 என்றும், உடுத்தவும் குளிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் துணை வேண்டியிருந்தால் 6 என்றும் படித்தேன். அம்மா தானே உடுத்திக்கொள்கிறார், எங்கள் பெயர்களைச் சரியாகச் சொல்கிறார். ஆனால் குளிக்க அழைத்தால் அவருக்குக் கடுங்கோபம் வருகிறது. பொழுது சாய்ந்ததும், சொந்த வீட்டில் இருந்துகொண்டே, "வீட்டுக்குப் போகலாம் வா" என்று வாசலுக்கு நடக்கிறார். இது 5-ஆ, 6-இன் தொடக்கமா?

நினைவாற்றல் சோதனையில் 30-க்கு அவர் வாங்கும் மதிப்பெண்ணை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. நிறையப் படித்தவர்களுக்கு அது உண்மை நிலையைவிடக் கூடுதலாக வரக்கூடும்.

ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று முற்றினால் சிறுநீர்த் தொற்றோ நீரிழப்போ புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். நான் கேட்பது மெல்ல மெல்ல நகரும் மாற்றத்தைப் பற்றி.

இனித் தனியாக விடக் கூடாது என்று உங்களுக்கு உணர்த்திய மாற்றம் எது? மருத்துவரிடம் சொல்வதற்காக எவற்றையெல்லாம் குறித்துவைத்தீர்கள்? குளிக்க மறுப்பவரை மனம் நோகாமல் எப்படிச் சம்மதிக்கவைத்தீர்கள்? சிறு விவரமானாலும் தயங்காமல் எழுதுங்கள்.