2.5 இஞ்ச் ஹிட்ச்சில் 2 இஞ்ச் சைக்கிள் ரேக்: ஸ்லீவ் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை

பிளேனோவாசி:
வணக்கம். டெக்ஸஸ், பிளேனோவிலிருந்து எழுதுகிறேன். முன்பு வைத்திருந்த எஸ்யூவியில் 2 இஞ்ச் ரிசீவர் (வண்டியின் பின்னால் இருக்கும் ஹிட்ச்சின் சதுரக் குழாய்), அதற்காக வாங்கிய இரண்டு சைக்கிள் பிளாட்ஃபார்ம் ரேக் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இப்போது செகண்ட் ஹேண்டில் ஃபோர்டு எஃப்-250 எடுத்திருக்கிறேன், 2019 மாடல், அதில் ரிசீவர் 2.5 இஞ்ச். வண்டியோடு வந்திருக்க வேண்டிய ஸ்லீவ் (ரிசீவருக்குள் செருகும் உட்குழாய்) இல்லை, அதனால் 2.5-ஐ 2 ஆகக் குறைக்கும் ஸ்லீவ் ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டேன். ரேக் உள்ளே போகிறது, அதைப் பூட்டும் ஹிட்ச் பின்னும் (குறுக்கே செருகும் கம்பி) ஏறுகிறது. ஆனால் ரேக்கின் கடைசி நுனியைப் பிடித்து ஆட்டினால் இரண்டு விரல் அகலம் மேலும் கீழும் போய் வருகிறது. குழாய்க்குள் விரிந்து இறுகும் ஆப்பு வைத்த ரேக்தான் இது, அதை முடிந்த மட்டும் முறுக்கியாயிற்று. என்னுடைய இ-பைக் 55 பவுண்ட், மகனுடைய மவுன்டன் பைக் 32 பவுண்ட். அடுத்த மாதம் ஆர்கன்சாவில் உள்ள பென்டன்வில் போகிறோம், ஓக்லஹோமா வழியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். இந்த ஆட்டத்தோடு ஹைவேயில் ஏறலாமா? இன்னொன்று, ரேக்கை மேலே மடக்கி வைத்தால் டெயில்கேட் (டிரக்கின் பின்கதவு) திறக்கும்போது இடிக்கிறது.

ஸ்பேனர்செட்:
இந்த ஆட்டத்தோடு போகாதீர்கள். ஆனால் ஸ்லீவைத் தூக்கிப் போடவும் வேண்டாம், சரி செய்யக்கூடிய விஷயம்தான்.

ஸ்லீவ் போட்டதும் ஒரே இடைவெளி இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடுகிறது: ரேக்கின் குழாய்க்கும் ஸ்லீவுக்கும் நடுவே ஒன்று, ஸ்லீவுக்கும் ரிசீவருக்கும் நடுவே இன்னொன்று. ரேக்கில் உள்ள ஆப்பு விரிந்து ஸ்லீவின் உட்சுவரைத்தான் பிடிக்கும், அதாவது முதல் இடைவெளியை மட்டும்தான் நீங்கள் அடைத்திருக்கிறீர்கள், எவ்வளவு முறுக்கினாலும் ஸ்லீவ் ரிசீவருக்குள் ஆடிக்கொண்டுதான் இருக்கும். சந்தேகம் இருந்தால் மகனை ரேக்கை ஆட்டச் சொல்லிவிட்டு, ரிசீவரின் வாயும் ஸ்லீவின் விளிம்பும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வையுங்கள். அந்த இடைவெளி திறந்து மூடுவது விரலிலேயே தெரியும். அங்கே அரை மில்லிமீட்டர் இருந்தால் மூன்றடி தள்ளி நுனியில் அது பல மடங்காகிவிடும்.

இதை இறுக்க இரண்டு வழி. முதலாவது மரை போட்ட ஹிட்ச் பின். ரேக்கின் குழாய்க்குள் நட் இருந்தால், அல்லது உள்ளே நட் வைக்க இடம் இருந்தால், பின்னின் தலை ரிசீவரின் வெளிச்சுவரில் உட்கார்ந்து ரேக்கைத் தன் பக்கம் இழுக்கும், நடுவில் இருக்கும் ஸ்லீவின் சுவரும் சேர்ந்து நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்றும் ஒன்றாகும். பழைய பின் நீளம் போதாமல் போகலாம், ஸ்லீவின் சுவர் கால் இஞ்ச் வந்துவிடுகிறது இல்லையா, 2.5 இஞ்ச் ரிசீவருக்கு என்று விற்பதை வாங்குங்கள். உங்கள் ரேக்கில் ஆப்பு இருப்பதால் உள்ளே நட் வைக்க இடம் இருக்குமா என்பதை முதலில் பாருங்கள்.

இடம் இல்லையென்றால் வெளியிலிருந்து இறுக்கும் யு-போல்ட் டைட்னர் (U வடிவ போல்ட்டும் தகடும் சேர்ந்த இறுக்கி). எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் மேலும் கீழும் ஆடுவதை இது நேரடியாக நிறுத்துகிறது, மரை போட்ட ஹிட்ச் பின்னோ பக்கவாட்டில்தான் இழுக்கும். அதன் தகடு ரிசீவரின் விளிம்பு வரை எட்டி உட்கார வேண்டும், 2 இஞ்ச்சுக்கானதை வாங்கினால் ஸ்லீவின் விளிம்பிலேயே நின்றுவிட வாய்ப்பு உண்டு. ஐம்பது மைல் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை முறுக்குங்கள், முதல் ஓட்டத்தில் கட்டாயம் கொஞ்சம் தளரும்.

டெட்ராய்ட்பனி:
மேலே சொன்னது அத்தனையும் சரி. மிச்சிகனிலிருந்து ஒன்று சேர்க்கிறேன், உங்களுக்கு டெக்ஸஸில் அவ்வளவு தேவைப்படாது, ஆனால் இதைப் படிக்கும் வடக்கு மாநிலத்துக்காரர்களுக்கு: பனிக்காலத்தில் ஸ்லீவை ரிசீவரிலேயே விட்டுவைக்காதீர்கள். சாலையில் போடும் உப்பு அந்த மெல்லிய இடைவெளியில் போய்த் தங்கி, துரு ஊதி, வசந்தத்தில் சுத்தியலால் அடித்தாலும் ஸ்லீவ் வெளியே வராது. போடுவதற்கு முன் உள்ளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆன்டி-சீஸ் பேஸ்ட் (இரும்பு ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) லேசாகத் தடவுங்கள்.

டெயில்கேட் விஷயம்: ரேக்கை வண்டியை விட்டு வெளிப்பக்கம் சாய்த்துவிட்டுத் திறந்து பாருங்கள். அப்படியும் இடித்தால் நீட்டிப்புக் குழாய் வேண்டும். ஆனால் ஸ்லீவுக்குள் நீட்டிப்பு, நீட்டிப்புக்குள் ரேக் என்று அடுக்காதீர்கள், மூன்றாவது இடைவெளியும் சேர்ந்துவிடும். 2.5-இல் மாட்டி 2-ஆக வெளியே வரும் ஒரே துண்டு நீட்டிப்பு கிடைக்கிறது. நீட்டினால் தாங்கும் எடை நன்றாகவே குறையும், பெரும்பாலான நீட்டிப்புகளுக்குப் பாதிக்குப் பாதி குறைத்துத்தான் கணக்குப் போடச் சொல்வார்கள். உங்களுக்கு இரண்டு சைக்கிள் 87 பவுண்ட், ரேக்கையும் கூட்டினால் 140 பக்கம் வரும். எஃப்-250 ரிசீவருக்கு அது ஒன்றுமே இல்லை, நீட்டிப்பில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள்.

கேரிமுருகு:
இடையில் ஒரு கேள்வி அண்ணா. என்னிடம் டிரக் இல்லை, செடான், 1.25 இஞ்ச் கிளாஸ் 1 ஹிட்ச் (குறைந்த எடை தாங்கும் வகை). நண்பர் ஒருவர் 2 இஞ்ச் ரேக்கைச் சும்மாவே தருகிறார். 1.25-ஐ 2 ஆக்கும் அடாப்டர் போட்டு இரண்டு இ-பைக் ஏற்றலாமா?

ஸ்பேனர்செட்:
வேண்டாம் முருகு. டிரக்கில் நடப்பது பெரிய வாயைச் சின்னதாக்குவது, அங்கே ஆட்டம்தான் பிரச்சினை, பலம் குறைவதில்லை. நீங்கள் கேட்பது நேர் எதிர். 2 இஞ்ச் ரேக்கின் முழுப் பாரமும் அந்த ஒல்லியான 1.25 இஞ்ச் துண்டில் விழும், கூடவே ரேக் சில இஞ்ச் பின்னால் தள்ளிப் போகும். கிளாஸ் 1-இல் நாக்கு எடை (ஹிட்ச்சின் மேல் கீழ்நோக்கி இறங்கலாம் என்ற எடை) 200 பவுண்ட்தான், அதுவும் ஹிட்ச் பந்தின் மேல் நேராக இறங்கும் எடைக்குச் சொன்ன அளவு, குழியில் குதிக்கும்போது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ரேக்குக்கு அல்ல. இரண்டு இ-பைக்கும் ரேக்கும் 170 வந்துவிடும். இப்படி அடாப்டர் போடவே கூடாது என்று பல ரேக் கம்பெனிகள் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். 1.25-க்கே செய்த ரேக் வாங்குங்கள், அதிலும் இ-பைக் எடைக்கு அனுமதி உண்டா என்று பார்த்து.

பிளேனோவாசி, நம்பர் பிளேட் மறைகிறதா என்றும் பாருங்கள், பல மாநிலங்களில் அதற்கு அபராதம் உண்டு. ரேக் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் சென்சார் கத்தினால் திரையில் அணைத்துவிடலாம், வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

பிளேனோவாசி:
நன்றி இருவருக்கும். இப்போதுதான் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே ஸ்லீவுதான் ஆடுகிறது. குழாய்க்குள் நட் வைக்க இடமில்லை, அதனால் 2.5-க்கான யு-போல்ட் ஆர்டர் செய்துவிட்டேன். ரேக்கை வெளியே சாய்த்தால் டெயில்கேட் முழுசாகத் திறக்கிறது, ஆகவே நீட்டிப்பு வாங்கவில்லை. மாட்டியதும் ஹைவே 75-இல் ஷெர்மன் ஊர் வரை வெறும் ரேக்கோடு ஓட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கிவிட்டுத்தான் சைக்கிள் ஏற்றுவேன். டைட்னரை எத்தனை டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்குவது, அதன் தாளில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாமா?

ஸ்பேனர்செட்:
தாளில் உள்ளதையே. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டால் தகடு கோணலாக உட்காரும்.