எதிர்த்து யாருமே நிற்காத தேர்தலில் ரோஸ் பேர்ட் தோற்றது எப்படி?

கேள்வி – நிலவறை
கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டை நியமித்தது ஆளுநர் ஜெர்ரி பிரவுன். அப்படியிருக்க, 1986-இல் தேர்தலில் தோற்றுப் பதவி இழந்தார் என்கிறார்கள். பதவிக்காலம் 12 ஆண்டு என்றால், 1977-இல் வந்தவர் 1978-லும் 1986-லும் வாக்கைச் சந்தித்தது ஏன்? கணக்கு இடிக்கிறதே.

பதில் – சட்டப்படி
நியமனம் ஆளுநர் கையில், ஒப்புதல் மூவர் குழுவின் கையில்: தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்), மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூத்த அமர்வுத் தலைவர். பேர்டுக்கு அது 2-1 என்றுதான் கிடைத்தது. அதுவும் முடிவல்ல. அடுத்த ஆளுநர் தேர்தலோடு சேர்த்து, 'இவர் நீடிக்கலாமா?' என்று மக்களிடம் கேட்பார்கள். ஆம், இல்லை, இரண்டே விடை. போட்டியாளர் கிடையாது.

12 ஆண்டு என்பது பதவி இடத்துக்கான காலம், ஆளுக்கானதல்ல. முன்னவர் பாதியில் விலகினால் வருகிறவருக்கு மிச்சக் காலம்தான். 1978-இல் பேர்ட் வென்றது மீதி 8 ஆண்டுக்கு. அது முடியும் நேரத்தில் முழுக் காலத்துக்கான வாக்கு, அதுதான் 1986. 1978-லும் சுமார் 52 சதவீதம்தான் வாங்கினார். அப்போதே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

பதில் – கோப்புக்கட்டு
அவர் வந்த வழியையும் பாருங்கள். 1965-இல் பெர்க்லியில் சட்டப் பட்டம். பிறகு சாண்டா கிளாரா கவுண்டியில் (மாவட்டம் போன்றது), வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு அலுவலகத்தில் முதல் பெண் வழக்கறிஞர். அடுத்து பிரவுன் அமைச்சரவையில் வேளாண்மை மற்றும் சேவைகள் துறை. நீதிபதியாக ஒரு நாளும் இருந்ததில்லை. பத்தாண்டு வழக்கறிஞராக இருந்தாலே சட்டப்படி போதும், ஆனாலும் எதிரிகளுக்கு இது நல்ல தீனி.

வீழ்த்தியது மரண தண்டனை. அங்கே அந்தத் தண்டனை விழுந்தாலே மேல்முறையீடு தானாக உச்ச நீதிமன்றம் போகும். நீதிபதிகள் தப்பிக்க முடியாது. அவரிடம் வந்த 64 வழக்குகளிலும் தண்டனையை ரத்து செய்யவே வாக்களித்தார். 1983-இல் 'கார்லோஸ்' தீர்ப்பு, கொள்ளை போன்ற குற்றத்தின் நடுவே நடந்த கொலைக்கு மரண தண்டனை தர, கொல்லும் எண்ணமும் நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. அதற்கு முந்தைய விசாரணைகளில் ஜூரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதனால் பல தண்டனைகள் வரிசையாகச் சரிந்தன. சட்ட நுணுக்கம் பார்த்தால் இதில் வியப்பில்லை. தொலைக்காட்சி விளம்பரத்தில் அதை விளக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

1986-இல் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 'இல்லை' விழுந்தது. அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் க்ரூஸ் ரெய்னோசோ, ஜோசப் க்ரோடின் இருவரும் அதே வாக்கில் தோற்றுக் கூடவே போனார்கள். 1934-இல் இந்த முறை வந்ததிலிருந்து உச்ச நீதிமன்றத்தில் யாரும் அப்படித் தோற்றதில்லை.

பதில் – ஓரக்குறிப்பு
1978-ஐ அப்படிக் கடந்துவிடாதீர்கள். துப்பாக்கி பயன்படுத்தியவருக்குக் கட்டாயச் சிறை என்ற சட்டம் பற்றிய 'டானர்' வழக்கின் தீர்ப்பைத் தேர்தல் முடியும்வரை நீதிமன்றம் பிடித்து வைத்தது என்று வாக்குப்பதிவு நாளிலேயே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. நீதிபதிகளின் நடத்தையைப் பார்க்கும் ஆணையம் 1979-இல் பகிரங்கமாக விசாரித்தது. யார் மீதும் குற்றச்சாட்டு வரவில்லை. ஆனால் நீதிமன்றத்துக்குள் இருந்த மனக்கசப்பெல்லாம் அம்பலமாகிவிட்டது.

தாமதம் பற்றி ஒரு விதியும் உண்டு: வாதம் முடிந்து தீர்ப்புக்காக ஒதுக்கிய வழக்கு 90 நாளுக்கு மேல் கிடந்தால் நீதிபதிக்குச் சம்பளம் நிற்கும். இப்போது வாய்மொழி வாதத்துக்கு முன்பே தீர்ப்பின் வரைவு நீதிபதிகளிடையே சுற்றுக்கு வந்துவிடுவது இதனால்தான்.



நிலவறை
நன்றி, கணக்கு புரிந்தது. கார்லோஸ் தீர்ப்பு இன்னும் செல்லுமா?

கோப்புக்கட்டு
இல்லை. காலியான மூன்று இடங்களையும் ஆளுநர் ட்யூக்மேஜியன் நிரப்பினார், ஏற்கெனவே அங்கிருந்த மால்கம் லூகாஸைத் தலைமை நீதிபதியாக்கினார். 1987-லேயே 'ஆண்டர்சன்' வழக்கில், நேரடியாகக் கொன்றவர் விஷயத்தில் எண்ணத்தைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, உடந்தையாக இருந்தவருக்கு மட்டும் வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.